நூற்றுப் பத்து டிகிரியில் ஒரு கேள்வி

ஜெர்மனி,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள விஜிலா,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் கிளாட்வின் துறைமுகத்தில் அதே கிரேனில்தான் இருக்கிறாரா? பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்திருக்கும். உன் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன், மணியே போகவில்லை. எண்ணை மாற்றிவிட்டாய் போலிருக்கிறது. அதனால்தான் உறையும் தபால்தலையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். 2022 மே, ஜூனில் நம் கல்லூரி ஆய்வகத்தில், நுண்ணிய துணுக்கின் வெப்பத்தை அளக்கும் சிப் கலோரிமீட்டரில் நாம் ஓட்டிய சூரிய மின்கலக் கலவை நினைவிருக்கும். பாலிமரும் சிறு மூலக்கூறும் கலந்த படலம். அதை உருக்கி, நொடிக்குப் பல ஆயிரம் டிகிரி வேகத்தில் குளிரவைத்து, மறுபடி சூடேற்றி நூற்றுப் பத்து டிகிரியில் நிறுத்தியபோது கால் விநாடிக்குள் படிகம் வந்துவிட்டது. அந்த மாதிரிகளைத் தயாரிக்கும்போது நாம் விசேஷமாக ஏதாவது செய்தோமா? கரைப்பான் புட்டி மாறியதா? எனக்குச் சரியாக நினைவில்லை.

பெரிய விஷயமொன்றும் இல்லை. இங்கே ஓர் ஒப்பீட்டுக்காகக் கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

அன்புடன் அண்ணன்,
பாண்டியராஜ்


தூத்துக்குடி,
6 மார்ச் 2025

திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதித்தான் என் கை பழகியிருக்கிறது. இன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் எண் மாறவில்லை. உங்கள் எண்ணைத்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

நாம் ஓட்டிய கலவை, நாம் செய்த மாதிரி. எத்தனை நாம்! அந்த மே மாதத்தில் நீங்கள் கருவிப் பக்கம் வந்தது இரண்டே நாள். குச்சி நுனியில் ஒட்டிய இமை முடியால் கண்ணுக்குத் தெரியாத துணுக்கைத் தொட்டெடுத்து, நுண்ணோக்கிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பின் நடுவில் வைத்தது நான். நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டம். மசக்கை வாந்தி எடுத்து வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஓட்டினேன். நான் பிரசவத்துக்குப் போன நேரம் பார்த்து, கணினியில் இருந்த என் கோப்புகளை அள்ளி, உங்கள் பெயரில் கட்டுரை போட்டீர்கள். கூடவே நெறியாளர் கிருபாகரன் சார் பெயர். என் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தானே இந்த ஜெர்மனி வேலை?

அதோடு முடிந்திருந்தால்கூட வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒருவர், நான்காம் அத்தியாயம் பாண்டியராஜ் என்பவரின் கட்டுரையிலிருந்து திருடியது என்று எழுதிவிட்டார். நான் திருடி! உங்களிடமிருந்து! பல்கலைக்கழகம் என் வாய்மொழித் தேர்வை நிறுத்தி வைத்திருக்கிறது. அது என் வேலைதான் என்று ஜூன் 30க்குள் நிரூபிக்காவிட்டால் எட்டு வருடப் பதிவு ரத்து. என் குறிப்பேடு மட்டும் போதாதாம், பிறகு எழுதிச் சேர்த்திருக்கலாமாம். கிருபாகரன் சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டு மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். "யாரு ஓட்டுனான்னு எனக்கு ஞாபகம் இல்லியேம்மா" என்றார். மீனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

உங்கள் சின்னச் சந்தேகத்துக்கு வருகிறேன். இங்கே கால் விநாடியில் வந்த படிகம் அங்கே வர மாட்டேன் என்கிறது, அவ்வளவுதானே? ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

மின்னஞ்சலில் கேட்டால் தடம் இருக்கும் என்று காகிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகு என்று மறந்தே போயிருந்தேன்.

விஜிலா


ஜெர்மனி,
19 மார்ச் 2025

விஜிலா,

உன்னிடம் இத்தனை விஷம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உன் ஆய்வேட்டுக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியம். ஆனால் நீயும் சிலதை மறந்துவிட்டாய். அந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து பிரித்து, ஆறு மாதம் அளவு திருத்தி, ஓடவைத்தது யார்? இமை முடியால் மாதிரியைத் தூக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? உன் பெயரை நான் வெட்டவில்லை. "அந்தப் பிள்ள இனி எங்க திரும்பி வரப் போகுது, குடும்பம்னு ஆயிட்டு. நீ போட்டுருலே" என்று சார்தான் சொன்னார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வேலை இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் அப்பா வயலில் நிற்கும்போது போகிற வருகிறவர்கள் எல்லாம், "மவன் இன்னும் படிக்கானா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி உன் காதில் விழுந்ததில்லை, உனக்குப் புரியாது.

உண்மையைச் சொல்கிறேன். இங்கே என்னோடு வேலை செய்யும் பெண் நாற்பது முறை ஓட்டிவிட்டாள். நானே அறுபது முறை ஓட்டினேன். நூற்றுப் பத்து டிகிரியில் படிகம் வர இருபது விநாடி ஆகிறது. கால் விநாடி எங்கே, இருபது விநாடி எங்கே? என் குழுத்தலைவர் இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் இல்லாத முடிவைப் புனைந்து எழுதியவன் என்றாகிவிடும். புனையவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்புப் போட்டு, உனக்கு நன்றி சொல்லி உன் பெயரைச் சேர்க்கிறேன். காரணத்தை எழுது. இரண்டு பேருக்கும் நல்லது.

பாண்டியராஜ்


தூத்துக்குடி,
3 ஏப்ரல் 2025

திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

நன்றியா? ஆகா. வீட்டைக் கொள்ளையடித்தவன் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறானாக்கும்!

கிளாட்வினிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஏளா, அவன் இங்கன வந்தாம்னா கிரேன்ல கட்டித் தொங்க விட்டுருவேன் பாத்துக்கோ" என்றார். அதெல்லாம் வேண்டாம், எனக்கு இதைவிட நல்ல யோசனை இருக்கிறது என்றேன். சொன்னதும் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நீங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். ஓட்டியது யார், கோப்புகளை எடுத்தது யார், எப்போது எடுத்தது, பெயரை விட்டது ஏன். சார் சொன்னார் என்ற வரியும் அதில் இருக்கட்டும். மீன் தொட்டிக்காரருக்கும் கொஞ்சம் ஞாபகம் வரட்டும்.

அது போய்ச் சேர்ந்து, தடை நீங்கி, என் வாய்மொழித் தேர்வு நடக்கும். பொதுத் தேர்வு அது, யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேட்கலாம். கேட்கிறவர் பெயரும் கேள்வியும் பதிவேட்டில் ஏறும். உங்களுக்குத் தெரியாததா? உங்கள் தேர்வில் நான்தானே எல்லாருக்கும் வடையும் டீயும் கொடுத்தேன். நீங்கள் அங்கிருந்து கிளம்பி வந்து, அந்தக் கூடத்தில் எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, எனக்கு எழுதிய இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தூத்துக்குடியில் கால் விநாடி, ஜெர்மனியில் இருபது விநாடி, ஏன்? உங்கள் பெயரில் வந்த கட்டுரைக்கு உங்களுக்கே அர்த்தம் தெரியவில்லை என்று ஊர் பார்க்க நீங்கள் கேட்க வேண்டும். அங்கே பதில் சொல்வேன். அதற்கு முன் ஒரு சொல் கிடையாது.

அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

விஜிலா


ஜெர்மனி,
16 ஏப்ரல் 2025

விஜிலா,

நான் வர மாட்டேன். உனக்கு ஆடிக் காட்ட நான் குரங்கு இல்லை.

காரணத்தை நானே கண்டுபிடிப்பேன். சிப்பில் தடவிய எண்ணெய் அதிகமாகியிருக்கும். அல்லது மாதிரி சூட்டில் கெட்டுப்போயிருக்கும், நீ கடைசியில் முதல் ஓட்டத்தைத் திரும்ப ஓட்டிச் சரிபார்த்திருக்க மாட்டாய். அல்லது வெப்பநிலை அளவே தவறியிருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள். அந்தக் கால் விநாடி தவறு என்றால் அது உன் ஆய்வேட்டிலும் தவறுதான். என்னை முக்கினால் நீயும் சேர்ந்துதான் மூழ்குவாய். உன் தேர்வாளருக்கு நான் இரண்டு வரி எழுதினால் போதும். எழுத வைக்காதே.

பாண்டியராஜ்


தூத்துக்குடி,
30 ஏப்ரல் 2025

திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

எழுதுங்களேன். முகவரி வேண்டுமானால் நானே தருகிறேன்.

எண்ணெய் இல்லை. மாதிரி கெடவில்லை; ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் முதல் ஓட்டத்தைத் திரும்ப ஓட்டியிருக்கிறேன், வளைகோடு ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கிறது. அளவும் தவறவில்லை, அதைத் திருத்தியது நீங்கள்தான், அந்த வேலையில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் எடுத்துக்கொண்டு போனது பாதி. அந்தக் கால் விநாடி எனக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பிரசவம் முடிந்து வந்து சரிபார்க்கலாம் என்று வைத்திருந்தேன். உங்களுக்குத்தான் என் விடுப்பின் ஐந்து மாதம் பொறுக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி ஓடி வந்து அடுத்த பாதியை நான் செய்தேன். நான்காம் அத்தியாயத்தில் அது முழுதாக இருக்கிறது. தேர்வாளர் முதல் படத்தைப் பார்த்ததும் திருட்டு என்று மூடி வைத்துவிட்டார், மேலே படிக்கவில்லை. நான் மூழ்க மாட்டேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தபோது, உங்கள் அப்பாவிடம் ஆட்கள் கேட்கிற அந்த இடத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. உட்கார்ந்து, ஒரு தாளில் காரணத்தை எழுதி, உறையில்கூடப் போட்டுவிட்டேன். தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது பல்கலைக்கழகத்தின் ஓலை கையில் பட்டது. திருடியது என்ற அந்த ஒரு சொல். உறையை அடுப்பில் போட்டேன்.

கிளாட்வின் தினமும் வேலை முடிந்து வந்ததும், "வாரானாளா, இல்லியா?" என்று கேட்கிறார். வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஜூன் 30க்கு இரண்டே மாதம். உங்களுக்கும் செப்டம்பர் தூரமில்லை.

விஜிலா


ஜெர்மனி,
24 மே 2025

விஜிலா,

பதிவாளருக்கு எழுதிய கடிதத்தை நேற்று விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் எப்படியோ நான் நல்லவனாகவே இருந்தேன். நான்காவதில்தான் சரியாக வந்தது. "நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்களையும் செய்தவர் விஜிலா. அவர் பேறுகால விடுப்பில் இருந்தபோது, 2023 பிப்ரவரியில், அவர் அனுமதி இல்லாமல் கோப்புகளை எடுத்தேன். அவர் திரும்பி வர மாட்டார் என்று நெறியாளர் சொன்னதை வசதியாக நம்பிக்கொண்டேன்." இந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன். போதுமா?

காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எண்ணெயை மாற்றினேன், கரைப்பானை மாற்றினேன், கலவை விகிதத்தை மாற்றினேன். இருபது விநாடிதான். கூட வேலை செய்கிறவள் நேற்று, "நீ உண்மையில் அதை ஓட்டினாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

தேதியை மட்டும் எழுது. வருகிறேன்.

பாண்டியராஜ்


தூத்துக்குடி,
25 ஜூன் 2025

திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

தடை நீங்கிவிட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு கிருபாகரன் சாருக்கும் விளக்கம் கேட்டு ஓலை போயிருக்கிறது. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஜூலை 17, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, கருத்தரங்கக் கூடம். நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியும்.

விஜிலா


ஸ்ரீவைகுண்டம்,
24 ஜூலை 2025

மதிப்பிற்குரிய முனைவர் விஜிலா அவர்களுக்கு,

கூடத்தில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது, "ஏ, பாண்டியராஜ் சாரா? அந்தக் கட்டுரை சாரா?" என்று மேசையில் இருந்த மாணவி கேட்டாள். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். நான் தலையாட்டிவிட்டுப் பெயரை எழுதினேன். முன்வரிசையில் கிளாட்வின் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை.

தலைவர், "சபையில வேற யாரும் கேக்கணுமா?" என்றதும் எழுந்து நின்றேன். நான் தலையைக் குனிந்து கேட்டேன். "கடைசி வரிசைக்குக் கேக்கல. பேரச் சொல்லி, கொஞ்சம் சத்தமாக் கேளுங்க" என்றீர்கள். திரும்பக் கேட்டேன். என் பெயர் பாண்டியராஜ். உங்கள் படத்தில் கால் விநாடி. எங்கள் ஆய்வகத்தில் அதே கலவைக்கு இருபது விநாடி. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

உப்பு என்றீர்கள்.

2022 மே இரண்டாம் வாரம் ஆய்வகத்தில் ஏசி பழுது. சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்கு எதிரே உப்பளம். கண்ணாடித் தட்டில் ஊற்றிய படலங்கள் சன்னலோரமாகவே காய்ந்தன. காற்றில் வந்த உப்புத் தூள் அதன்மேல் படிந்தது. ஒவ்வொரு தூளும் படிகம் பிடித்து வளர ஓர் இடம். ஏசி ஓடி, சன்னல் மூடியிருந்தால் நம் ஊரிலும் அதே இருபது விநாடிதான். பிறகு வேண்டுமென்றே உப்பைத் தூவிப் பார்த்தால் மறுபடியும் கால் விநாடி. கடலோரம் கூரையில் வைக்கிற இந்த வகை மின்கலத்தை ஏன் முதலிலேயே உப்புக்காற்றுப் படாமல் செய்ய வேண்டும் என்று விளக்கினீர்கள். "தூத்துக்குடியில சன்னலத் தொறந்தா வேற என்ன சார் வரும்?" என்றீர்கள். கூடமே சிரித்தது. வெளித்தேர்வாளரும் சிரித்தார்.

ஏசி நின்ற அன்று, கொஞ்சம் காற்று வரட்டும் என்று அந்தச் சன்னலைத் திறந்துவிட்டவன் நான்தான். உங்கள் குறிப்பேட்டில் அதுவும் இருந்திருக்கும். கூடத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிவிட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் வயலுக்கு வரச் சொன்னார், போனேன்.

நீங்கள் கேட்ட இரண்டையும் செய்துவிட்டேன். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு எதற்கும் இல்லை. தூங்க முடியவில்லை.

பாண்டியராஜ்


தூத்துக்குடி,
7 ஆகஸ்ட் 2025

திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது மாதா திருவிழாக் கொடி ஏறியிருந்தது. ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்வது, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது, எங்கள் வீட்டில் வழக்கம். உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே போய் எங்கள் பங்குச் சாமியாரிடம் முழங்காலில் நின்றேன்.

சாமி, ஒருத்தரைப் பழிவாங்கிவிட்டேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெஞ்சியது, நான் அடுப்பில் போட்டது, கூடத்தில் இரண்டாம் தடவை சத்தமாகக் கேட்க வைத்தது. முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டது. அதையும் சொன்னேன்.

"அவம் பண்ணுனது தப்புதான். உம் பேரை நீ திரும்ப வாங்குனதும் பாவம் இல்ல. ஆனா அவன் தல குனிஞ்சு நின்னதப் பாத்து சந்தோசப்பட்டியே, அதுக்கு வருத்தப்படுதியா?" என்று கேட்டார்.

யோசித்துத்தான் சொன்னேன். "இல்ல சாமி. அத நெனச்சா இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

"வருத்தம் இல்லாம நான் எப்படி மன்னிப்புக் கொடுக்க? நீ அவன மன்னி. பெறவு வா, தாரேன்."

"சரி சாமி" என்று எழுந்து வந்துவிட்டேன்.

திருவிழாப் பூசையில் எங்கள் வரிசை மொத்தமும் நன்மை வாங்க, அந்த நற்கருணை அப்பம் வாங்க, எழுந்து போனது. கிளாட்வின், மாமியார், நாத்தனார் எல்லாரும். சாமியார் மன்னிப்புக் கொடுக்காமல் நன்மை வாங்கக் கூடாது; நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதில் முதல் நன்மை வாங்கியதிலிருந்து, இருபத்தொரு வருடத்தில் ஒரு திருவிழாவுக்கும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. எழுந்து போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அழுகை வந்தது, உண்மைதான். பீடத்தைப் பார்த்தேன், வரிசையைப் பார்த்தேன். உங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் அடுத்த ஞாயிறே நானும் அந்த வரிசையில் போய் நிற்கலாம்.

எழுத வரவில்லை. என்னை நானே எவ்வளவு தள்ளினாலும் வரவில்லை.

தூக்கம் வராவிட்டால் எழுந்து நடங்கள். இந்த வருடம் உங்களுக்கும் மன்னிப்பு இல்லை, எனக்கும் இல்லை.

முனைவர் விஜிலா